செவ்வாய்க்கு எடுத்த அளவு

என் அக்கா புருஷன் தையற்காரர். அவர் தைத்த சட்டை யாருக்காவது இறுகினால் குற்றம் சட்டையினுடையதல்ல, போட்டவர் ஊதிவிட்டார். "அளவு எடுத்தப்ப மூச்சை இழுத்துப் பிடிச்சிருந்தீங்க சார்" என்று கூசாமல் சொல்வார். தன் கத்தரி தப்புப் பண்ணும் என்று மனிதர் கனவில்கூட ஒப்புக்கொண்டதில்லை.

இப்படிப்பட்டவருக்கு ஐம்பது வயதில் செவ்வாய்க் கிரகத்தின்மேல் பைத்தியம் பிடித்தது. அக்கா ஆசையாக வாங்கிய கருநீலப் படுக்கை விரிப்பை, வீட்டிலிருந்த ஒரே நல்ல விரிப்பை, சுவரில் ஆணியடித்து மாட்டினார். துணியில் குறி போடும் சாக்குக்கட்டியால் அதில் நட்சத்திரங்களைப் புள்ளி வைத்தார். தினமும் மொட்டைமாடியில் கையை நீட்டி அளவு நாடாவைப் பிடித்து, செவ்வாய் எந்த நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, கீழே ஓடிவந்து குறிப்பார். ஆறு மாதம்! அது கொஞ்சம் போனது, நின்றது, திரும்பி வந்தது, மறுபடி கிளம்பிப் போனது.

"வீட்டைப் பூட்டினோமான்னு பார்க்க வந்திருக்கும் மாமா" என்றேன்.

"கிண்டல் பண்ணாத மாப்ளே. நாம வேகமா ஓடி அதை முந்துறோம். அதான் அது பின்னால போற மாதிரி தெரியுது."

தையல் மேசையில் ஓர் அட்டையைக் காட்டினார். நடுவில் குண்டூசி, அது சூரியன். சுற்றி இரண்டு வட்டங்கள். பூமி வெள்ளைப் பொத்தான், செவ்வாய் சிவப்புப் பொத்தான். நகர்த்திப் பார்த்தேன். அவர் சொன்னபடியே நடந்தது, எனக்கு வாயடைத்துப் போயிற்று.

அக்காவுக்கு அடைக்கவில்லை. "விருந்தாளி வந்தா நான் எதை விரிக்கிறது? வானத்தையா?"

கடைசியில் ஓர் ஒப்பந்தம். இருபதாம் தேதி செவ்வாய் எங்கே நிற்கும் என்று பொத்தான் கணக்குப்படி மாமா முன்கூட்டியே விரிப்பில் குறி வைக்க வேண்டும். அங்கேயே நின்றால் விரிப்பு அவருக்கு. தப்பினால் அன்றைக்கே சோப்புத் தண்ணீர், ஆறு மாதப் புள்ளிகளும் போய்விடும்.

இருபதாம் தேதி மூவரும் மாடியேறினோம். செவ்வாய், குறித்த இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒன்றும் தெரியாததுபோல் நின்றது. மாமா மூன்று முறை நாடா பிடித்தார். கிரகம் ஊதிவிட்டது என்று சொல்லப்போகிறார் எனக் காத்திருந்தேன். அவர் நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கே பாவமாகிவிட்டது.

அக்கா கீழே வந்து விரிப்பைக் கழற்றினாள். வாளி தயாராக இருந்தது. மாமா ஓடிவந்து விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளியெல்லாம் சரிதான்டி, கண்ணால பார்த்து வச்சது. அந்த வட்டம்தான் தப்பு."

"வட்டத்தை யாரு போட்டது?"

"நான்தான். என் தப்பு."

அட்டையை அவரே இரண்டாகக் கிழித்துப் போட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், அந்த வார்த்தையை அக்கா அன்றைக்குத்தான் கேட்டாள். வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். பிறகு சாக்குக்கட்டிப் புள்ளிகள் கலையாமல் விரிப்பைத் தன் கையாலேயே மறுபடி மாட்டினாள்.

"எத்தனை மாசம் வேணும்னாலும் வச்சுக்கோங்க" என்றாள். "மத்த கிரகமெல்லாம் இருக்கே, அதுங்களுக்கும் அளவு எடுங்க."