சாய்ந்து நின்ற தலையாட்டி பொம்மை

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் தங்கியிருந்து பிள்ளைகளுக்குப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்க ஓர் அக்காவை அனுப்பியிருந்தார்கள். யார் அனுப்பினார்கள், எதற்கு அனுப்பினார்கள் என்பதையெல்லாம் ஐந்தாம் வகுப்புக்காரிகளிடம் யார் வந்து சொன்னார்கள்? கணக்குப் பாடம் போய்ப் பொம்மை வந்தது, அது போதும் எங்களுக்கு. அக்கா தஞ்சாவூர்க்காரர். உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்து அவரைத் தங்கவைத்தார்கள். எங்கள் கோலார் தங்கவயல் தமிழைக் கேட்டு முதல் இரண்டு நாள் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். அதன்பிறகு திட்ட ஆரம்பித்தார். வாய் வலிக்காமல் திட்டுவார்.

அவர் சொல்லிக்கொடுத்தது தலையாட்டி பொம்மை. கொட்டாங்குச்சியில் களிமண்ணை அமுக்கி அடிப்பாகம் செய்ய வேண்டும். அதன்மேல் காகிதக்கூழில் உடம்பும் தலையும். காய்ந்ததும் வர்ணம். அடி உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் எப்படித் தள்ளிவிட்டாலும் பொம்மை எழுந்து நேராக நின்றுகொள்ளும். மாதக் கடைசியில் கண்காட்சி வைத்து, சுரங்கத்தின் பெரிய அதிகாரியைக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பதாக ஏற்பாடு. மற்ற பெண்களெல்லாம் ராணி செய்தார்கள். நான் தலையில் விளக்குத் தொப்பி வைத்த ஒரு ஆளைச் செய்தேன். என் மாமாவைத்தான் செய்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். மாமாவின் சுரங்க வேலையில் கிடைத்த, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில்தான் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அவர் வேலை போனால் சோறும் போகும், வீடும் போகும். சுரங்கத்தை மூடப்போகிறார்கள், மூடப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். மாமா தைரியசாலி இல்லை. பல்லி விழுந்தால்கூட அம்மாவைக் கூப்பிடுகிறவர். அந்த மனுஷன்தான் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து, வாசல் கதவைச் சாத்திவிட்டு, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கல்லை என் கையில் வைத்தார்.

"பாப்பா, உன் பொம்மைக்கு அடியில இத்த வெச்சிடு. நல்லா கனமா நிக்கும்."

கறுத்த கல். நடுவில் மஞ்சளாக ஒரு கோடு மினுங்கியது. அது என்ன கல் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வாரம் லைன் லைனாகக் காவலர்கள் வீடு புகுந்து சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் மிச்சமும் புரிந்துவிடும். தங்கவயலில் பிறந்த எனக்கு மட்டும் புரியவில்லை. தங்கம் என்றால் நகைக்கடையில் இருப்பது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அழகா கீது மாமா. வெளிய தெரியிற மாதிரி, வயித்துல ஒட்டட்டுமா?" என்றேன்.

மாமாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. "ஐயோ வேணாம் கண்ணு! உள்ள வெச்சாத்தான் பலம். யார்கிட்டயும் சொல்லாத. கண்காட்சி முடிஞ்சதும் பொம்மைய என்கிட்டயே குடுத்துடணும், இன்னா?"

மாமாவுக்கு என் பொம்மைமேல் இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே யாரும் பார்க்காதபோது கல்லைக் களிமண்ணுக்குள் புதைத்தேன். அங்கேதான் கோளாறு. கல் நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. எல்லாருடைய ராணிகளும் தள்ளினால் ஜம்மென்று எழுந்து நின்றார்கள். என் ஆள் எழுந்தான், ஆனால் நேராக நிற்கவில்லை. சாராயக்கடையிலிருந்து வருகிறவனைப்போல ஒரு பக்கம் சாய்ந்தே நின்றான். பொம்மை அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"அடியில என்னத்தடி போட்டே?"

"களிமண்ணுதாங்க அக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொம்மையை மேசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

கண்காட்சியன்று எங்கள் லைன் ஜனமெல்லாம் வந்திருந்தது. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மாமா ஷிப்டிலிருந்து நேராக வந்து அவள் பக்கத்தில் நின்றார். அதிகாரி ஒவ்வொரு ராணியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்து என் பொம்மையிடம் நின்றார். தள்ளினார். அது எழுந்து சாய்ந்தது. மறுபடி தள்ளினார். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற ஆளு இப்படித்தானே இருப்பான்! இதுக்குத்தான் முதல் பரிசு," என்றவர் பொம்மையைக் கையில் எடுத்தார். "நல்ல கனமா வேற இருக்கே. இது என் ஆபீஸ் மேசைமேல இருக்கட்டும்."

எல்லாரும் கைதட்டினார்கள். இருப்பதிலேயே கோணலான பொம்மைக்கு எப்படி முதல் பரிசு என்று நான் முழித்தேன். மாமா அம்மாவின் காதில் என்னவோ சொன்னார். அம்மாவின் முகம் வெளுத்தது. அடுத்த நிமிஷம் அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, அதிகாரியின் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கினாள்.

"குடுங்க சார். இது எம் பொண்ணு செஞ்சது. நான் தரமாட்டேன்."

பெரிய டீச்சர் பதறிப்போனார். "இன்னாம்மா இது, யாரு கேக்குறாங்கன்னு தெரியுதா?"

"யாரு கேட்டாலும் தரமாட்டேன்," என்றாள் அம்மா. ரேஷன் கடையில் வரிசையை மீறி முன்னால் போகிறவர்களிடம்கூட வாய் திறக்காதவள் அவள்.

பொம்மை அக்கா அம்மாவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு, தான் செய்த பொம்மை ஒன்றை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். "பெத்தவளுக்கு ஆசை இருக்காதாங்க ஐயா? அது கோணலுங்க. இது நேரா நிக்கும், இதைக் கொண்டுபோங்க." அதிகாரி சிரித்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். மறுபடியும் கைதட்டல். இந்தத் தடவை அம்மாவுக்கு.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் வரைந்ததையோ பாடினதையோ அம்மா ஒருநாளும் நல்லாயிருக்கு என்று சொன்னதில்லை. அப்பேர்ப்பட்டவள் என் பொம்மைக்காக ஊருக்கு முன்னால் ஒரு பெரிய அதிகாரியோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் குதித்துக்கொண்டே போனேன். அவர்கள் இருவரும் எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைச் சாத்தினாள். பொம்மையை அம்மிமேல் வைத்தாள். குழவியைத் தூக்கி ஒரே போடு. தொப்பி ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். களிமண்ணுக்குள்ளிருந்து கல்லைப் பொறுக்கி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கை வெறுங்கையாக இருந்தது.

எனக்கு அழக்கூட வரவில்லை. மூலையில் குந்திக்கொண்டு மாமாதான் அழுதார். "தப்புதான் அக்கா, தப்புதான் அக்கா" என்று முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பாவம், எவ்வளவு ஆசையாகக் கேட்டார்! எனக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே போய் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழாத மாமா. இன்னொரு கல்லு எடுத்துனு வா. இதவிட நல்லதா செஞ்சு தரேன்."

பளார் என்று ஓர் அறை. அதுவரை என்மேல் கை ஓங்காத அம்மா அடித்தாள். பொம்மையை உடைத்தது அவள், அழுதது மாமா, ஆறுதல் சொன்ன எனக்கு அடி. இது என்ன நியாயம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அடித்த கையாலேயே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அவளும் அழ ஆரம்பித்தாள். கன்னம் எரிந்தது. ஆனாலும் அவள் மடியில் கிடந்தபடி நான் யோசித்தேன்: பெரியவர்கள் இரண்டு பேர் இப்படி அழுகிறார்கள் என்றால், என் பொம்மை உண்மையாகவே நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.