தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழுக்கு மீதி

நல்லரத்தினம் அண்ணனைக் கணக்குப் பைத்தியம் என்று முதலில் சொன்னவன் நான்தான். தபால் கந்தோரில் பக்கத்து மேசை எனக்கு. இந்த எண் வகுபடுமா பார், மஜீத், என்று உயிரை வாங்குவார்.

பத்து இலட்சத்து ஒன்று நூற்றொன்றால் வகுபடும். பத்து இலட்சத்து இரண்டு இரட்டை எண். பத்து இலட்சத்து மூன்று? அது எதாலும் வகுபடாத முதன்மை எண்ணா என்று கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்பதில் அவருக்கும் மனைவி மங்கையற்கரசி அக்காவுக்கும் ஒரே பிடிவாதம். எண் இரண்டாக உடைந்தால் ஒரு துண்டாவது ஆயிரத்துக்குள் வரத்தானே வேண்டும். ஆகவே ஆயிரத்துக்குள் உள்ள நூற்று அறுபத்தெட்டு முதன்மை எண்களால் வகுத்தால் போதும். இரண்டு அவருக்கு, மூன்று அக்காவுக்கு, ஐந்து அவருக்கு என்று மாறி மாறிப் பங்கு. ஒருவர் பங்கை மற்றவர் போடக்கூடாது. பார்த்துச் சரி மட்டும் போடலாம். அக்கா வாவிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலையில், தன் தங்கை வீட்டில் தங்கிப் படிப்பித்தார். சனி, ஞாயிறில்தான் நாவலடி வீட்டுக்கு வருவார்.

சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்ததும் ஒரு ஞாயிறுதான். அக்காவையும் கொண்டுபோனது, கணக்குப் போட்ட கொப்பியையும் கொண்டுபோனது.

முகாமில் புதுக் கொப்பி வாங்கி, தன் பங்கு எண்பத்து நாலையும் அண்ணன் மறுபடி போட்டார். எல்லாவற்றிலும் மீதி வந்தது. அக்காவின் வரிகளை வெறுமையாக விட்டிருந்தார். கல்குலேட்டரில் ஒரு மணித்தியாலத்தில் முடித்துத் தருகிறேன் என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"அது அவட பங்கு, தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேச்சில்லை. எனக்கும் கோபம்தான், நல்லதுக்குச் சொன்னவனுக்கு இதுவா கூலி! ஆனால் கந்தோர் பூட்டுகிற நேரத்திலும் போக இடமில்லாதவராய் அந்தக் கொப்பியோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கோபம் நிற்காது. பாதிக் கணக்கு, சரி போடவும் ஆளில்லை.

யுத்தம் முடிந்த ஆண்டில் அக்காவின் தங்கை கேதீஸ்வரி ஆளனுப்பினார். ஷெல்லடிக்குத் தப்பி ஊர் ஊராய்த் தூக்கித் திரிந்த பெட்டியை அப்போதுதான் ஒழுங்காகக் கிளறினாராம். உள்ளே அக்காவின் கொப்பி. மண்முனையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி நானும் கூடப் போனேன்.

அக்கா தன் பங்கை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். மூன்றுக்கு மீதி ஒன்று, ஏழுக்கு மீதி நாலு என்று எண்பத்து மூன்று கணக்கு. கடைசி எண்ணான தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழை மட்டும் போடவில்லை. அதன் பக்கத்தில் 'இது ரெண்டு பேருமாச் சேந்து' என்று பென்சிலால் எழுதியிருந்தார்.

"நீங்களே போடுங்க அத்தான்" என்றார் கேதீஸ்வரி.

அண்ணன் பேனையை எடுத்து அந்த வரியிலேயே வகுத்தார். ஆயிரத்து மூன்று தடவை, மீதி பன்னிரண்டு. முதன்மை எண்தான்.

போட்டு முடித்தவர், பழைய பழக்கத்தில், சரி போடுவதற்காகக் கொப்பியையும் பேனையையும் பக்கத்தில் தள்ளினார். பக்கத்தில் நான்தான் இருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பேனையைத் தொடவில்லை.