மச்சி தள்ளிய தோணி

கலைமன்றச் செயலாளர் என்ற உத்தியோகத்தில் கலை அரைக்கால் பங்கு. மிச்சமெல்லாம் பாய் விரிப்பதும் பல்லைக் கடிப்பதும்தான்.

ஐம்பதுகளில் மூன்று வருஷம் கல்முனையில் அந்த வேலையைப் பார்த்தேன். வயிற்றுப்பாட்டுக்குத் தபாற்கந்தோரில் முத்திரை விற்றேன். சனிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மன்றம். மண்டபம் ஒரு ஹாஜியாருடையது, ஆகவே மன்றத்துக்குத் தலைவரும் அவரே. கிழமை நாட்களில் காலையில் அதே இடத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடக்கும். எங்களுக்கென்று இருந்தது ஓர் அலுமாரி. அதற்குள் மாதாமாதம் நான் கையால் எழுதும் சஞ்சிகை, ஒரே ஒரு பிரதி. நீங்களும் எங்காவது ஒரு மன்றத்தைக் கட்டி மேய்த்தவர் என்றால் மேலே சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லாமல் என் கோபம் ஆறாது.

கதிரைகள்

முதற்கூட்டத்துக்கு நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தேன். நிந்தவூரிலிருந்து இரண்டு பேர் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தால் மண்டபம் துடைத்து வைத்தது போல இருக்கிறது. ஒரு கதிரை இல்லை, ஒரு வாங்கு இல்லை. முதல் நாளே மாட்டுவண்டியில் ஏற்றி ஹாஜியார் வீட்டுக்குக் கொண்டு போய்விட்டார்களாம். அவருடைய மகளுக்குக் கலியாணப் பேச்சு.

ஓடினேன். அவர் முற்றத்தில் நின்று, எங்கள் கதிரைகளை எப்படி அடுக்குவதென்று ஆட்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். நாற்பது பேர் வந்து நிற்கிறார்கள் என்றேன். மன்றத்தை ஆரம்பிப்போம் என்று முதலில் சொன்னவரே நீங்கள்தானே என்றும் சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து மிக அன்பாகச் சொன்னார்:

"எழுதுற ஆள் பாயில இரிந்தும் எழுதலாம் தம்பி. கொழும்பில இரிந்து வாற மாப்புள ஊட்டாரைப் பாயில இரிக்கச் சொல்லேலுமா?"

ஒரு மனு

ஒரு சனிக்கிழமை "கலை யாருக்காக" என்று விவாதம். கலை மக்களுக்காக என்று ஒரு கட்சி தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தது. நற்பிட்டிமுனைப் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரு மணித்தியாலமாக வாசற்படியில் நின்றார். மக்களுக்காகப் பேசியவர்களில் ஒருவர்கூட அவரை உள்ளே வந்து இருங்கள் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இடைஞ்சல் என்று முகத்தைச் சுளித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டம் கலைந்த பிறகுதான் என்ன வேண்டுமென்று கேட்டேன். மேல் வயற்காரன் வாய்க்காலை மறித்துவிட்டான், பயிர் காய்கிறது, பெரியவர்களுக்கு ஒரு மனு எழுத வேண்டும். எழுதுகிற ஆட்கள் கூடும் இடம் என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அலுமாரியைத் திறந்து கடதாசி எடுத்து எழுதினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்:

"இதெண்டா விளங்குது. உள்ளுக்க வாசிச்சதுதான் ஒண்டும் விளங்கல்ல."

நெல்மூட்டைகளுக்கு நடுவே

அறுவடை வந்ததும் ஹாஜியார் மண்டபத்தில் நெல்மூட்டைகளை அடுக்கினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தையல் வகுப்பு ஒரு மூலையில் ஒடுங்கியது. நாங்கள் பன்னிரண்டு பேர் மூட்டைகளில் சாய்ந்துகொண்டு, மூக்கைப் பொத்திப் பொத்தித் தும்மிக்கொண்டு இலக்கியம் வளர்த்தோம்.

அன்றைக்குத்தான் கபூர் அந்தக் கவியை வாசித்தான். கபூர் மருதமுனையில் நூல் வியாபாரி, நெசவாளர்களுக்குத் தறிநூல் கொடுப்பவன். அதுவரை அவன் எழுதியதெல்லாம் நிலவே, மலரே என்று யாரோ மென்று துப்பியவை. அன்றைக்கு வேறு மாதிரி:

தோணி தள்ளிப் போன மச்சி
தோளிலுப்புக் காயுமுன்னே
வாறேனெண்டு சொன்ன சொல்லு
வலையோட போனதுவோ

பன்னிரண்டு பேரும் தும்மலை மறந்தோம். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னோம். எங்கள் கரையில் எந்தப் பெண், எந்த மச்சி தோணி தள்ளிக் கடலுக்குப் போயிருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து கடலைப் பார்க்கும் பன்னிரண்டு ஆம்பிளைகள். நான் அதைச் சஞ்சிகையின் முதற்பக்கத்தில் என் ஆக நல்ல எழுத்தில் எழுதி, கீழே கபூரின் பெயரைப் போட்டேன். எப்படியடா எழுதினாய் என்று கேட்டதற்கு அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"இதெல்லாம் யோசிச்சு வாறதில்ல. தானா வரும்."

பென்சில் கோடு

அடுத்த சனிக்கிழமை சஞ்சிகையைத் திறந்தால், என் முதற்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு. "மச்சி" வெட்டப்பட்டு மேலே "மச்சான்" என்று இருந்தது. அலுமாரிப் பூட்டின் திறப்பு என்னை விட்டால் தையல் ரீச்சரிடம் மட்டும்தான் இருக்கிறது. திங்கட்கிழமை கந்தோரில் ஒரு மணித்தியாலம் லீவு சொல்லிவிட்டுப் போனேன். ரீச்சர் பாண்டிருப்பைச் சேர்ந்தவர், மெதுவாகக் கதைப்பார்.

"இதைக் கிறுக்கினது ஆர்?" என்றேன்.

"நான்தான். வகுப்பில வாசிச்சுக் காட்டின நேரம் எழுதின ஆள் பிழையெண்டு சொன்னா. திருத்தினேன்."

"எழுதின ஆள் கபூர்."

"எழுதின ஆள் அந்தா இருக்கிறா."

வகுப்புக்குத் துணி கொண்டு வந்திருந்த ஒரு பெண் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மூட்டைப் பக்கமாக இருந்தார். கபூரின் கூடப்பிறந்த ராத்தா, அவனுக்கு மூத்தவர், ஆசியா உம்மா. தறியில் இருந்தபடி தனக்குத் தானே கட்டிப் படித்த கவியாம். நூல் கொண்டுவந்த தம்பி வாசலில் நின்று கேட்டிருக்கிறான். அவரைக் கட்டிய மாப்பிள்ளை கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. நான் வெட்கத்தில், உங்கள் பெயரைப் போடாமல் விட்டது பிழைதான் ராத்தா என்று ஏதோ முணுமுணுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல், ரீச்சருக்குச் சொல்வது போலச் சொன்னார்:

"பேரைப் போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. அவர் மவுத்தாகி ஆறு வருஷம். மனிசனைப் பொம்புளயாக்கிப் போட்டானே, அதைத்தான் பொறுக்கேலாம இரிக்கி."

குடும்பத்துக்குள்ள

அன்று பின்னேரமே கபூரைப் பிடித்தேன். மறுப்பான் என்று நினைத்தேன், மறுக்கவில்லை. "ராத்தாக்கு எழுதத் தெரியா. நான் எழுதாட்டி அது காத்தோட போயிரிக்கும்" என்றான். மச்சானை ஏனடா மச்சியாக்கினாய் என்றேன். "ஆம்புள நான் மச்சானுக்கு அழேலுமா?" என்றான். அவன் முகத்தில் இருந்த நியாயத்தைப் பார்த்து எனக்குக் கை நீண்டது. அடக்கிக்கொண்டு ஹாஜியாரிடம் போனேன்.

ஆண்டு விழாவில் கபூருக்குப் பொன்னாடை போர்த்துவதென்று தீர்மானித்திருந்தார்கள். அதை நிறுத்துங்கள், இல்லையென்றால் ஆசியா உம்மாவின் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். ஹாஜியார் தேத்தண்ணி வரவழைத்தார். நான் குடிக்கவில்லை. அவர் தன்னுடையதைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"பொம்புளட பேரை மேடையில சொன்னா ஊர் கதைக்கும். தம்பிட பேரில இரிந்தா என்ன, குடும்பத்துக்குள்ளதானே இரிக்கி."

முழுப் பெயர்

விழாவில் சஞ்சிகையின் சிறந்த படைப்பை வாசிப்பது செயலாளரின் வேலை. என்ன செய்யப்போகிறேன் என்று ரீச்சர் மூலம் ஆசியா உம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லியனுப்பினேன். தம்பி நூலை நிறுத்திவிடுவான், யோசியுங்கள் என்றும் சொன்னேன். மூன்றாம் நாள் ரீச்சர் முத்திரை வாங்குவது போல வந்து பதிலைச் சொன்னார்:

"போடுறதெண்டா வாப்பாட பேரோட முழுசாப் போடட்டாம். மருதமுனையில ஆசியாமார் கனபேர் இரிக்காங்களாம்."

ஆண்டு விழா

மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் திரை கட்டி அதற்குப் பின்னால் பெண்கள். கபூர் மேடையில், பொன்னாடைக்கு வசதியாகத் தோளை நிமிர்த்திக்கொண்டு இருந்தான். நான் சஞ்சிகையை விரித்து, இயற்றியவர் பெயரை வாப்பாவின் பெயரோடு முழுசாகச் சொன்னேன். பிறகு "மச்சான்" என்று அழுத்தி வாசித்தேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், யாருக்கும் பயப்படாத குரல், "அப்புடி வாசிக்கிறல்ல, இழுத்துப் படிக்கணும்" என்றது. பிறகு அதே குரல் நாலு அடியையும் இழுத்துப் படித்தது. முன்வரிசையில் இருந்த கடற்றொழிலாளி ஒருவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். ஹாஜியார் எழுந்து நன்றி கூறி விழாவை முடித்துவிட்டார். பொன்னாடை மடிப்புக் குலையாமல் வீட்டுக்குப் போனது.

நான் பயந்தபடியே கபூர் நூலை நிறுத்தினான். இரண்டு கிழமை ஆசியா உம்மாவின் தறி சும்மா கிடந்தது. பிறகு ரீச்சர் வேறொரு வியாபாரியைப் பிடித்து நூலுக்கு வழி செய்தார். அடுத்த சனிக்கிழமைகளில் செயலாளர் கதிரையில் கபூர் இருந்தான். அலுமாரித் திறப்பை ஒப்படைக்கப் போன என்னிடம் ஹாஜியார் சொன்னார்:

"உங்களில எனக்குக் கோபமில்ல தம்பி. தபாற்கந்தோர்க்காரன், ஆர்ட கடிதத்தை ஆருக்குக் குடுக்கணுமோ அவங்களுக்குத்தான் குடுப்பீங்க. மன்றத்துக்கு அது சரிவராது."

மூன்று வருஷம் கலை வளர்த்ததில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் ஒரு சொல்லைத் திருத்தியது, அதையும் எனக்கு முன்பே தையல் ரீச்சர் பென்சிலால் செய்துவிட்டார்.