திரையில் எல்லாம் இருந்தது

மின்கம்பிகளை ட்ரோன் விட்டுப் பார்ப்பது அவள் வேலை. வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான். பார்வையின் கூர்மைக்காக அவளைக் ‘கழுகு’ என்பார்கள். வேலையை எளிதாக்க நிர்வாகம் புதிய திரை கொடுத்தது. எளிதாகிவிட்டதே என்று ஒன்றுக்குப் பதில் நான்கு ட்ரோன்களையும் கொடுத்தது. காற்று, உயரம், பேட்டரி, சிக்னல் எல்லாமே மஞ்சள் கட்டங்களாக மினுக்கின. அவசரமில்லாத கட்டங்களின் மேல் அவள் காகிதம் ஒட்டிக்கொண்டாள்.

“கழுகக்கா, ஸ்கிரீனுக்கு எங்க அடிபட்டுச்சு, இத்தனை பிளாஸ்திரி?” என்பான் பக்கத்து இருக்கைக்காரன்.

காகிதங்கள் இருந்தவரை விபத்து எதுவும் நடக்கவில்லை.

பெரிய அதிகாரி பார்வையிட வந்த அன்று, “அசிங்கமா இருக்கும்மா” என்று மேலாளர் காகிதங்களைப் பிய்த்துப் போட்டார். அன்று மதியமே, மினுக்கிய மஞ்சள்களுக்கு நடுவே காற்று எச்சரிக்கையை அவள் தவறவிட்டாள். ட்ரோன் மின்கோபுரத்தில் மோதி நொறுங்கியது.

விசாரணையில் மேலாளர் கேட்டார்: “எல்லாம் திரையிலயே இருந்துச்சே, பாக்கலையா?”

“எல்லாமே இருந்துச்சு சார். அதனாலதான் பாக்க முடியல.”

“என்னம்மா விதண்டாவாதம்?”

கவனக்குறைவு என்று முடிவுகட்டி அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் இடத்துக்கு வந்தவனுக்காகத் திரையில் புதிய வசதியும் சேர்த்தார்கள்: ‘கவனமாக இருக்கிறீர்களா?’ என்று அடிக்கடி கேட்கும் இன்னொரு மஞ்சள் கட்டம்.