மாட்டு மூத்திரத்துக்கு ஷேடு பார்த்த நாள்

பத்தாவதோடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். அப்படிப்பட்டவள் எழுத வந்ததற்கு, அதிலும் மாட்டு மூத்திரத்தைப் பற்றி எழுத வந்ததற்கு, படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு அவிநாசிபாளையத்தை ஒட்டி இருக்கிறது. வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பவர். வெளியூர்க்காரர்கள் அனுப்பிய மாதிரித் துண்டோடு துணியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று சொல்வது அவர் வேலை. கொழுந்தனார் பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். அவருக்கும் நாள் முழுக்க நிறத்தைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு ஒரு கறவைப் பசு.

கன்று போட்ட வாரத்தில் அந்தப் பசு தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. போன வருஷம் இதேபோல் தின்னாமல் படுத்த பசுவை நான் பறிகொடுத்திருந்தேன். இதையும் இழந்துவிடுவேனோ என்று பயம். மாட்டு டாக்டரம்மாவை வரச் சொன்னேன்.

கன்று போட்டதும் பாலுக்கு வேண்டிய அளவு தீனி உள்ளே போகாது, உடம்பு தன் கொழுப்பையே எடுத்து எரிக்கும், ஈரல் திணறும் என்றார். நான் விழிப்பதைப் பார்த்து எளிதாகச் சொன்னார்.

"ஷிப்மென்ட் சமயத்துல ஜெனரேட்டர் நிக்காம ஓடுனா புகை கட்டிக்குதில்லீங்க, அதாட்டத்தான் உடம்புக்குள்ள."

அந்தப் புகைக்கு விட்டமின் ஈ, செலினியம் சேர்ந்த ஊசி போட்டார். கொழுப்பு எவ்வளவு எரிகிறது என்று சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைகள் ஒரு டப்பா கொடுத்தார். சாயங்காலம் ஒன்றை நனைத்து, மூச்சு இழுத்து விடும் நேரத்துக்குள் டப்பாமேல் அச்சடித்த நிறங்களோடு ஒப்பிட வேண்டும். வெளிர் ரோஸ் என்றால் பெரிய பயமில்லை. கருத்திருந்தால் உடனே கூப்பிட வேண்டும்.

சாயங்காலம் சொம்போடு பசுவின் பின்னால் நின்றேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அது பெய்யவில்லை. அதற்கும் என்னைப் போலக் கூச்சம். வேறு பக்கம் பார்ப்பதுபோல நடித்ததும் பெய்தது.

பட்டையை நனைத்தேன். ரோஸாக மாறியது. அதற்குள் வேலை முடிந்து வந்த இருவரும் தொழுவத்துக்குள் நுழைந்தார்கள். வீட்டுக்காரர் பட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ட்யூப்லைட்ல பாத்து ஓகே பண்ணக்கூடாது," என்று வாசலுக்கு நடந்தார்.

"பேபி பிங்க்குங்ணா," என்றார் பின்னாலேயே போன கொழுந்தனார்.

"கண்ணாடிய மாத்துடா. இது ஆனியன் பிங்க்."

வாசலில் வேப்பமர நிழல் விழுவதால் நிறம் பச்சையடிக்கிறது என்று மொட்டை மாடிக்கு ஏறினார்கள். நானும் சொம்போடு ஏறினேன். டாக்டரம்மா சீக்கிரம் பார்க்கச் சொன்னார் என்று முணுமுணுத்தேன். காதில் விழவில்லை. மேலே லாவெண்டரா, மாவ் என்னும் மங்கல் ஊதாவா என்று ஒரு சண்டை. கடைசியில் அண்ணனும் தம்பியும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒத்துப்போனார்கள். ஒயின் கலர். டப்பாவில் அதுதான் கருத்த, கடைசிக் கட்டம்.

உடனே போன் போட்டு அழுதேன். டாக்டரம்மா குளுக்கோஸ் பாட்டில்களோடு ஸ்கூட்டியில் பறந்து வந்தார். என் கையில் இன்னும் இருந்த சொம்பில் புதுப் பட்டையை நனைத்து, உடனே பார்த்தார். வெளிர் ரோஸ்.

"இதுதாங்க சரியான ரீடிங். வெச்சிருந்தா தானாக் கருத்துப்போகும். நீங்க எத்தன நேரம் பாத்தீங்க?"

வீட்டுக்காரர், "நல்ல வெளிச்சந் தேடுனோமுங்க," என்றார்.

"நான் மாட்டுக்கு அப்ரூவல் கேக்கலீங்களே," என்றார் டாக்டரம்மா.

ஆரம்ப நிலைதான் என்று இனிப்பு மருந்தைப் பசுவின் வாயில் ஊற்றினார். விடிந்து தீனி எடுத்தால் போதும், எடுக்காவிட்டால் பாட்டில் ஏற்றலாம் என்றார். ஸ்கூட்டி கிளம்பும்போது வீட்டுக்காரர் தம்பியிடம் மெதுவாக, "ஆனாலும் அது பேபி பிங்க் இல்லடா," என்றார்.

மறுநாள் காலையில் பசு அரைக் கூடை சோளத்தட்டு தின்றது. பாட்டில் ஏற்றவில்லை.