வெண்மதி போன வேலை

வெண்மதி செஞ்சி தாலுகா ஆபீஸ் எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். வயது இருபத்தாறு. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூர், துபாய் என்று போய்விட்டார்கள். அவர்கள் வைக்கும் ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொண்டே வாரிசுச் சான்றிதழ்களை நகல் எடுப்பாள். அவளுக்கும் போக வேண்டும். எந்த ஊர் என்றாலும் சரி.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்றார் ஒரு ஏஜென்ட். அப்பா பெரியதம்பி தயங்கினார். அவள் கேட்கவில்லை.

பாங்காக்கில் இறங்கியதும் வேனில் ஏற்றினார்கள். எட்டு மணி நேரப் பயணம். பிறகு ஒரு ஆறு, படகு. அக்கரையில் துப்பாக்கியோடு நின்றவர்கள் பாஸ்போர்ட்டையும் போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். எந்த நாட்டில் நிற்கிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டுக்கு போன் போட வேண்டும். "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு" என்று மிரட்டிப் பணத்தைப் பறிக்க வேண்டும். அதுதான் வேலை. மறுத்த ஒரு பெண்ணை நாள் முழுக்க வெயிலில் முட்டி போட வைத்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து கதவுச் சத்தம் கேட்டாலே வெண்மதி தாளைக் கையில் எடுத்துவிடுவாள். எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தாள். இரண்டு பேர் ஏமாந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் மறுமுனையில் போனை எடுத்த ஒரு அம்மா, பார்சல் என்றதும் மகள் அனுப்பியது என்று நினைத்து அழுதுவிட்டாள். "எம்பொண்ணு ஜெர்மனில நர்ஸா இருக்குது. அதுக்கு இன்னாச்சும்மா?"

தன் ஊர்ப் பேச்சு. வெண்மதி லேசாகத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் நின்ற காவல்காரனுக்குத் தமிழ் தெரியாது. தாளைப் பார்த்துப் படிக்கிற குரலிலேயே சொன்னாள்: "உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா. இதெல்லாம் பொய். நான் செஞ்சி பெரியதம்பி பொண்ணு வெண்மதி. தாய்லாந்து ஆத்துக்கு அந்தாண்ட அடைச்சி வெச்சிருக்காங்க. நைனா நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க."

இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சொல்லு" என்றது குரல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதுரைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் தாளைப் புரட்டினார். அவர் சொல்லிவிடுவாரோ என்று அவள் ஐந்து வாரம் செத்துப் பிழைத்தாள். அவர் சொல்லவில்லை.

போனில் அழுத அந்த அம்மா, அவலூர்பேட்டை மரியசெல்வி, மறுநாளே பஸ் ஏறிப் பெரியதம்பியைத் தேடி வந்திருந்தாள். இருவரும் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். தூதரகத்துக்குத் தகவல் போய், கடைசியில் முப்பது பேரை விடுவித்தார்கள். வெண்மதி வந்தாள். மதுரைக்காரர் அந்த முப்பது பேரில் இல்லை.

ஏமாந்த இருவரைப் பற்றியும் போலீசில் எழுதிக் கொடுத்தாள். இப்போதும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை.

போன மாதம் மரியசெல்வியைப் பார்க்கப் போனாள். சாப்பாடு போட்டுவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்: "இனிமே வெளிநாடுன்னா வெறுத்துப் போயிருக்கும், இல்ல?"

வெண்மதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "இல்லம்மா. இன்னும் போவணும்னுதான் தோணுது. அதை நெனச்சாதான் பயமா இருக்குது."