கயிற்றில் இல்லை, கழுத்தில்

எங்கள் கம்பெனி ஒரகடம் ரோட்டில், வடக்குப்பட்டு போகிற வழியில் இருக்கிறது. பழைய இரும்பை உருக்கி, கார்களுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் வார்க்கிறார்கள். நான் சார்ட்டிங் மெஷினில் கான்ட்ராக்ட் ஆள். பாகம் பெல்ட்டில் ஓடி வரும், மேலிருந்து கேமரா பார்க்கும், நல்லதைப் பச்சைப் பெட்டிக்கும் சொத்தையைச் சிவப்புப் பெட்டிக்கும் அதுவே தள்ளிவிடும். சொத்தைக்கு எங்கள் பாஷையில் ‘என்ஜி’. கான்டீன் சாம்பார் என்ஜி, ஒருத்தியின் புருஷன் என்ஜி, இப்படித்தான் பேசிக்கொள்வோம்.

பழைய இரும்போடு சில சமயம் கதிர்வீச்சு உள்ள உடைசலும் கலந்து வந்துவிடுமாம். அதைத் தெரியாமல் உருக்கினால் மொத்த வார்ப்பும் பாழ். அதனால் லாரி வருகிற கேட்டில் இரண்டு பக்கமும் மஞ்சள் தூண் நட்டார்கள். கதிர்வீச்சு இருந்தால் தூண் கத்தும். நல்ல ஏற்பாடுதான், அதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பஸ்ஸும் அந்த கேட்டில்தான் நுழையும்.

அன்று காலை பஸ் நுழைந்ததும் தூண் கத்தியது. பஸ்ஸைப் பின்னால் எடுத்து மறுபடி விட்டார்கள். மறுபடியும் கத்தியது. பெண்கள் எல்லோரையும் இறக்கி, ஒவ்வொருத்தியாகத் தூணுக்கு நடுவே நடக்கச் சொன்னார்கள். பெல்ட்டில் பாகம் போகிற மாதிரி போனோம். ஒருத்தி, “ஓகே, ஓகே” என்று எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் நடந்தேன். கத்தியது. “அய்யே, அக்கா என்ஜி!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் காரணம் எனக்கு அந்த நிமிடமே புரிந்துபோனது.

முந்தின நாள் காது குத்து என்று பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு, பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கழுத்தில் ஒரு கட்டி. ஸ்கேனுக்கு முன்னால் ஏதோ ஊசி போட்டார்கள். அந்த மருந்தில் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கு, இரண்டு நாளைக்குக் கைக்குழந்தையைத் தூக்காதே என்று நர்ஸ் சொன்னாள். என் வீட்டில் ஏது கைக்குழந்தை? ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கம்பெனியில் ஏன் சொல்லவில்லை என்றால், உடம்பு சரியில்லை என்று வாயைத் திறந்த கான்ட்ராக்ட் பெண்ணுக்கு இங்கே கிடைக்கிற மருந்து ஒன்றே ஒன்றுதான்: “ரெஸ்ட் எடும்மா, நாங்களே கூப்பிடறோம்.” அப்படி ரெஸ்ட் எடுக்கப் போனவர்களில் ஒருத்தியைக்கூட அவர்கள் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை.

சேஃப்டி ஆபீசர் கையில் ஒரு மீட்டரோடு ஓடி வந்தார். என் சாப்பாட்டுப் பையைத் திறந்து, புளிசாதத்தைக் கிளறிப் பார்த்தார். பிறகு மீட்டரைக் காலிலிருந்து மேலே கொண்டுவந்தார். கழுத்துக்கு வந்ததும் அது கிடந்து அலறியது.

“கழுத்துல இன்னாமா கீது?” என்றார் கூடவே வந்த எங்கள் லைன் சூப்பர்வைசர்.

“தாலி சார்.”

“அதுல இரும்பு எதனா மாட்டியிருக்கியா?”

தாலிக் கயிற்றில் இரண்டு ஊக்கு மாட்டியிருந்தேன். எந்தப் பெண் மாட்டாமல் இருக்கிறாள்? கழற்றிக் கொடுத்தேன். மீட்டர் அப்படியேதான் அலறியது.

“அப்போ அந்தக் கயித்தையும் கழட்டி வெச்சிட்டு நட.”

பஸ் டிரைவர், செக்யூரிட்டி, லாரிக்காரர்கள், கூட வேலை செய்கிற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என் புருஷன் வீட்டில் கல்லுக்குண்டாக உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருப்பான். எனக்கு ஜிவ்வென்று ஏறியது.

“கயித்துல ஒண்ணும் இல்ல சார், கழுத்துலதான் கீது! கட்டி! ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்க, அதான் கத்துது. போதுமா?”

யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் இரண்டடி பின்னால் போனார். அப்புறம் அதே வார்த்தை: “ரெஸ்ட் எடும்மா, நாங்களே கூப்பிடறோம்.”

கூப்பிடுவானுங்களாம்! மறுநாள் காலை ஷேர் ஆட்டோ பிடித்து நானே கேட்டுக்குப் போனேன். தூண் லேசாக முனகியது. திரும்பி வந்துவிட்டேன். அதற்கு மறுநாளும் போனேன். நடந்தேன், சத்தமே இல்லை. திரும்பி நடந்தேன், அப்போதும் இல்லை. அதற்குள் எங்கள் பஸ்ஸும் வந்து நின்றது, பெண்கள் இறங்கிப் பார்த்தார்கள்.

“கத்தலதான்மா,” என்றார் சூப்பர்வைசர். “ஆனா பொம்பளைங்க பயப்படறாங்க.”

“ஒரு பீஸு என்ஜி ஆனா இன்னொரு தபா பெல்ட்டுல வுட்டுப் பாக்கறீங்க. ஓகேன்னா கஸ்டமருக்கு அனுப்பறீங்க. நான் மட்டும் இன்னா சார், செவப்புப் பொட்டியிலயே கெடக்கணுமா?”

அவர் பதில் சொல்வதற்குள் என் பக்கத்து மெஷின்காரி முன்னால் வந்தாள். “நாங்க எப்போ சார் பயப்படறோம்னோம்? நீங்கதானே கிட்ட போவாதீங்கன்னீங்க?”

அவர் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே, “சரி சரி, லைனுக்குப் போங்க,” என்றார். உள்ளே போனேன்.

மதியம் கான்டீனில் அதே பக்கத்து மெஷின்காரி டிபன் பாக்ஸை என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். “இன்னாடி, ரசம் கத்துதா?” என்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு திரும்ப இழுத்து வைத்தாள். நல்லவள்தான். ஆனாலும் அவளோ, சூப்பர்வைசரோ, மீட்டர் பிடித்தவரோ, ஒரு ஆளாவது அந்தக் கட்டி என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கத்துகிறதா இல்லையா, அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ரிப்போர்ட் வாங்க மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். கட்டி கெட்ட கட்டிதானாம். ஆபரேஷன் பண்ண வேண்டுமாம். அதற்கப்புறம் ஒரு மருந்து குடிக்க வேண்டும், அந்த ஊசியைவிட அது ரொம்ப வீரியமானது, கொஞ்ச நாள் யாரோடும் ஒட்டாமல் தனியாக இருக்க வேண்டும் என்றார். “எது வேணும்னாலும் கேளுங்கம்மா, பயப்படாதீங்க,” என்றார்.

பிழைப்பேனா என்று நான் கேட்கவில்லை. அது என் வாயிலேயே வரவில்லை.

“அந்த கேட்டு எவ்ளோ நாளைக்குக் கத்தும் மேடம்?” என்று கேட்டேன்.

“எந்த கேட்டும்மா?” என்றார் அவர்.